எடைமேடை

பல்லடத்தில், கோழித்தீவன லாரிகளுக்கு நடுவே
கதவில்லாத என் ஜீப்பை எடைமேடையில் ஏற்றினேன்.
முன்னச்சு மட்டும் முதலில், அப்புறம் பின்னச்சு.
எடைக்காரர் எட்டிப் பார்த்தார்:
"லோடு எங்க அம்மணி?"

பட்டறையில் திருமலைராஜ் அந்தச் சீட்டின் மேல்
ஸ்பேனரைப் பாரமாக வைத்துவிட்டு
இரண்டு ஷாக்கை மேசையில் கிடத்தினான்.
ஒன்று ஆயில், விலை குறைவு.
இன்னொன்று கேஸ், பக்கத்தில் தனிக் குடுவை,
நாள் முழுக்கக் குதித்தாலும் சூடேறிச் சோராது.
அதன் விலைக்கு மட்டும் குரலைத் தாழ்த்தினான்.

"குழியில விழறதுக்கு ஆருக்கும் ஷாக் வேண்டாமுங்க.
அமுங்கின ஸ்பிரிங்கு துள்ளி எந்திரிக்குது பாருங்க,
அதைப் புடிச்சு நிறுத்தத்தான் இத்தனை காசு."

கால்குலேட்டரைத் தட்டியபடியே:
"இடது சீட்டுல ஆரு? அவிய எடை சொல்லுங்க."

நான்கு வருசம் அங்கே மேனகா.
வின்ச் ரிமோட் அவள் மடியில்.
"சித்தே மெதுவா" என்பாள், நான் மிதிப்பேன்.
ஆனைமலை அடிவாரத்தில் வண்டி கவிழ்ந்த இரவு
பெல்ட்டில் தொங்கியபடியே சண்டை போட்டோம்.
ஐப்பசிப் போட்டிக்கு அவள் வேறொரு வண்டியில் ஏறினாள்.
அந்த வண்டி மூன்றாவதாக வந்தது.
நான் வரவே இல்லை.

"ஒரு மூட்டை கோழித்தீவனம்" என்றேன்.
சிரிக்காமல் ஐம்பது என்று எழுதிக்கொண்டான்.
கேஸ் ஷாக்குக்கு அட்வான்ஸ் கொடுத்தேன்.

ரோடு வரை வந்தவள் திரும்பிப் போய்
ஐம்பதை அடித்து அறுபத்திமூன்று ஆக்கினேன்.
"மூட்டை பெருசுங்களா?"
"ம். வாயும் கொஞ்சம் ஜாஸ்தி."