இரண்டையும் நீக்கவா?

ஹொன்னிங்ஸ்வோக் துறைமுகத்தில்
மீன் எடை போடும் அறையின் மடிக்கணினிக்குப்
பதினோரு வயது.
அஞ்சல் நிரல் திறப்பதற்குள்
காபி வடிந்து ஆறியும் போய்விடும்.
படத்தையெல்லாம் தூக்கிப் போடு,
எழுத்து மட்டும் வருகிற நிரலுக்கு மாறு என்றாள் யோருன்.
தன் அமைப்புக் கோப்பையே அனுப்பி வைத்தாள்,
போட்டுப் பழகிய ஸ்வெட்டரைக் கொடுப்பது போல.

மாட்டிக்கொண்டேன். கை கொஞ்சம் நீளம்.
நானூறு கிலோ காட் மீன் பற்றி
பெர்கன் வியாபாரிக்கு எழுதினேன்.
"நன்றி யோருன்.
தோர்டிஸுக்கு உடம்பு சரியில்லையா?"
என்று பதில் வந்தது.
அனுப்புநர் வரியில் அவள் பெயரை
நான் மாற்றவே இல்லை.

கோப்பின் நடுநடுவே அவள் குறிப்புகள்:
# காலையில் கண்ணுக்கு இந்த மஞ்சள் நல்லது
# பென்ட் எழுதுவதெல்லாம் சாம்பலில் வரட்டும்
# இதைத் தொடாதே. ஏனென்று மறந்துவிட்டேன்

பென்டை எடுத்தேன். மஞ்சளைக் குறைத்தேன்.
ஒருமுறை பின்னணியும் எழுத்தும் ஒரே கறுப்பாகி
அரை மணி நேரம் என் கடிதங்களெல்லாம்
ஜன்னலுக்கு வெளியே பகல் பதினொன்றைப் போல இருந்தன.
டிசம்பர்.

மூன்றாம் நாள் விரலுக்குப் பழகிவிட்டது.
ஜே கீழே, கே மேலே, டி என்றால் தொலை.
மவுஸ் மேசையோரம்
வேலை போனவன் மாதிரிக் கிடந்தது.

வீட்டுக்காரி ஹென்னி குவாமே எழுதியிருந்தாள்.
பொருள்: சாவி.
மாத முடிவில் காலி செய்கிறாய்,
நான் கொடுத்தது இரண்டு, நீ காட்டியது ஒன்று,
மற்றது வராவிட்டால்
பூட்டு மாற்றும் செலவு உன் தலையில்.
எரிச்சலில்
இழையோடு சேர்த்து அழிக்கும் விசையைத் தட்டினேன்.
மூடப் போகையில் கேட்டது:
குறித்த 2 கடிதங்களையும் நீக்கவா?

இரண்டா?
வேண்டாம் என்று தட்டித் திரும்பினேன்.

அங்கே, ஹென்னிக்கு மேலே,
ஒரு கிளை வரைந்து அவளைத் தொங்கவிட்டபடி
ஐவின்ட்.
ஒன்பது ஆண்டுக்கு முந்தைய மார்ச்.
பொருள்: சாவி.
பக்கத்தில் ஒற்றை எழுத்துக் குறி.
நிரலின் பாஷையில் அதற்கு அர்த்தம்
பழையது, ஆனால் படிக்காதது.

பழைய நிரலில் அவன் பெயருக்கு ஒரு பெட்டி உண்டு.
வருவது தானாக அதில் விழும், நான் திறக்க மாட்டேன்.
இதுவோ பெட்டியும் அறையும் பார்க்காமல்
எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் கொட்டியிருக்கிறது.
தலைப்பு ஒன்றாக இருந்தால் போதும்,
யார் யாருக்கு எழுதியதோ,
ஒரே இழையில் கோத்துவிடும்.
தேடிப் பார்த்தேன்:
யோருன் தொடாதே என்ற அந்த வரிதான்.

திறந்தேன். அவனுக்குப் பிடித்த
படகுப் படமெல்லாம் உதிர்ந்துபோய்
எழுத்து மட்டும்:
"என்னுடையதைக் கொதிகலனுக்குப் பின்னால்
ஆணியில் மாட்டியிருக்கிறேன்.
எழுப்பவில்லை. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாய்."

தூங்கவில்லை.

ஷிஃப்ட் முடிந்து போய்
டார்ச்சைப் பல்லில் கடித்துக் கை விட்டேன்.
ஒட்டடை. ஆணி.
அதில் சாவி,
ஒன்பது குளிர்காலமும் அடுப்போரம் இருந்ததால்
சூடாக.

அந்த ஒரு வரியில்
இல்லையை ஆம் என்று மாற்றினால்
அவரவர் கடிதம் அவரவரிடம் போய்விடும்.
கர்சரை அதன்மேல் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு ஹென்னிக்குப் பதில், ஒரே சொல்:
கிடைத்தது.
அது போய்
ஐவின்டுக்குக் கீழே
மூன்றாவதாக உட்கார்ந்தது.