ரசீதில் வெள்ளியும் உண்டு

ஷார்ஜாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை.
துபாயில் அரைநாள் வேலை.
இரண்டுக்கும் நடுவில் ஒரு சாலை.
இந்தப் பக்கமும் அல் நஹ்தா,
அந்தப் பக்கமும் அல் நஹ்தா.
வாடகை குறைவென்று இந்தப் பக்கம் குடியேறினோம்.
நித்திலா பிறக்கும் முன் போட்ட கணக்கு அது.

மாதம் ஆயிரத்து நானூறு திர்ஹம் வாங்கும் நர்சரி
வெள்ளியன்று கதவைச் சாத்திக்கொள்ளும்.
ரசீதில் வெள்ளியும் உண்டு.

ரெஜிஸுக்கு ஜெபல் அலி துறைமுகத்தில் ஷிப்ட்.
கப்பலுக்குக் கிழமை கிடையாது.
எனக்கு கர்ஹூதில்
சரக்கு அனுப்பும் கம்பெனியில் பில் போடும் வேலை.
தூத்துக்குடியிலிருந்து யாராவது கேட்டால்
சம்பளத்தைப் பெருக்கிச் சொல்வேன்.
இங்கே கழித்துத்தான் பார்க்கிறேன்.

முதல் வெள்ளி, காய்ச்சல் என்று பொய் சொன்னேன்,
எனக்கு.
இரண்டாம் வெள்ளி அவளுக்கு.
மூன்றாம் வெள்ளி எதிர் ஃப்ளாட் சினிமோள்,
இரவு டூட்டி முடித்து வந்த நர்ஸ்,
"இவிடெ கிடத்திக்கோ" என்றாள்.
நான் திரும்பியபோது அவள் தூங்குகிறாள்,
இவள் விழித்திருக்கிறாள்
சீருடைப் பொத்தானைத் திருகியபடி.
கேஸ் அடுப்பின் குமிழ்
இவள் கைக்கு எட்டும் என்று அன்றுதான் கவனித்தேன்.
சினிமோளிடம் மறுபடி கேட்கவில்லை.
ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

மாலில் விளையாட்டு அறை உண்டு.
ஒரு மணிக்கு ஐம்பத்தைந்து.
என்னுடைய ஒரு மணிக்கு இருபது.

ஐந்தாம் வெள்ளி ஆபீசுக்கே கூட்டிப்போனேன்.
பழைய ஃபைல் அறை.
ஓடாத ஜெராக்ஸ் மெஷின்,
யாருக்கும் வேண்டாத ஏர்வே பில்கள்.
பிளாஸ்டிக் பாயை விரித்து
உரித்த ஆரஞ்சைக் கையில் கொடுத்து
"அம்மா வர்ற வரைக்கும் மீன் மாதிரி இரு" என்றேன்.
மீன் பேசாது.
அவளுக்கு அது தெரியும்.

பத்தரைக்கு எட்டிப் பார்த்தால்
பாயில் இரண்டு பேர்.
ஆரஞ்சுச் சுளை கைமாறிக்கொண்டிருக்கிறது.
யார் இந்தப் பையன் என்று நினைக்கும் முன்
வாசலில் நிற்கிறாள் கஸ்டம்ஸ் செக்‌ஷன் மாரிசெல்,
பால் புட்டியைத் துப்பட்டா இல்லாத உடம்பில்
எங்கே ஒளிப்பது என்று தெரியாமல்.

மூன்று வாரமாக அவன்
அந்த மெஷினுக்குப் பின்னால் இருந்திருக்கிறான்.
மூன்று வாரமாக, வெள்ளி தோறும்
அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போவதை
சோம்பல் என்று சொல்லியிருக்கிறேன்
ரெஜிஸிடம்,
சிரித்துக்கொண்டு.

அடுத்த வாரம் டிரைவர் ஷேர் ஜமான்
மனைவி ஆஸ்பத்திரியில் என்று
நாலு வயது மகளைக் கொண்டுவந்து விட்டார்.
ரகசியத்துக்கு அறை சிறியதாகிவிட்டது.

எட்டாம் வெள்ளி
மேனேஜர் முஅதஸிம் கதவைத் திறந்தார்.
உதட்டில் விரல் வைத்து
"மீனு" என்றாள் நித்திலா அவரிடம்.
அவர் கொஞ்ச நேரம்
மீனாகவே நின்றார்.
பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போனார்.
அன்று நான் போட்ட ஒரு பில்லும்
கூட்டல் சரியில்லை.

கடிதம் எழுதினோம்.
ஓர் அறை, ஓர் ஆள், பாதிச் செலவு எங்களுடையது.
மாரிசெலின் ஆங்கிலம், என் கணக்கு,
உருதுவில் ஷேர் ஜமானின் கையெழுத்து.
ஓரத்தில் பச்சை கிரேயான் கோடு ஒன்று.
வேறு பிரிண்ட் எடுக்கவா என்றாள்.
இருக்கட்டும் என்றேன்.

பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்து
ஐந்து வாரம்.
நர்சரி அடுத்த டெர்முக்கு நூறு ஏற்றியிருக்கிறது.

போன வியாழன் மாலை
ஜெராக்ஸ் மெஷினைக் காணோம்.
யார் எடுத்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை.
அது நின்ற இடத்தில் நாலு கால் தடம்,
நடுவே வெயில் படாத வெள்ளைத் தரை.
குனிந்து அளந்தேன்.
ஒரு பிள்ளை கை கால் நீட்டிப் படுக்கலாம்.
குறுக்கே போட்டால்
இரண்டு.