ஜேக்கப்ஸ், இரவு ஷிஃப்ட்

எழுபத்தைந்து டிகிரி. இரண்டும் அதே சூட்டில் இருக்க வேண்டும்.
ஒன்று பிந்தினால் மற்றது முறுக்கிக்கொள்ளும்.
சூரியகாந்தி எண்ணெயில் மெழுகு கரைந்து தெளிந்ததும்
தாண்டெக்கா வால்வைத் திறந்தாள்.
கிளிசரின் கலந்த தண்ணீர் இறங்கியது.
கலக்கி ஊளையிட்டது.

இந்த அரை நிமிடத்துக்காகத்தான்
ஒன்பது வருஷமாக இங்கே இருக்கிறேன் என்று
சம்பளத் தாளைப் பார்க்காத நாட்களில் சொல்லிக்கொள்வேன்.

எண்ணெய் மஞ்சள். தண்ணீருக்கு நிறமே இல்லை.
வெள்ளையை யார் ஊற்றியது?
கோடித் துளிகளுக்குள் புகுந்த வெளிச்சம்
வெளியேற வழி தெரியாமல்
முட்டி முட்டித் திரும்புகிறது.
அவ்வளவுதான் வெள்ளை.

எமல்சிஃபையர் என்று சாக்கில் அச்சிட்ட
அந்த மெழுகுச் செதில்
யாரையும் சமாதானம் செய்வதில்லை.
தலையைத் தண்ணீரில் நீட்டி
வாலை எண்ணெயில் புதைத்து
துளிக்குத் துளி வேலியாக நிற்கிறது.
உள்ளே எண்ணெய் எண்ணெய்தான்.

மூன்று நாற்பதுக்கு மின்சாரம் போனது.
அறிவிப்பில் ஐந்து மணி என்றிருந்தது.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.
கலக்காமல் ஆறினால் திரிந்துவிடும்,
ஐந்நூறு லிட்டர்.
துடுப்பை எடுத்தோம். கைபேசி வெளிச்சம்.
அவள் ஜூலுவில் எண்ணினாள், நான் தமிழில்;
நூறு எங்களுக்கு வேறு வேறு நேரத்தில் வந்தது.

காலையில் விற்பனைப் பிரிவு ரீகன் முனியன்
டப்பாவைத் திறந்து முகர்ந்தான்.
"எவ்வளவு வெள்ளை! லேபிளில்
வெண்மை தரும் என்று போட்டுவிடலாமா, சலோச்சனா?"

நான் தாண்டெக்காவைக் கூப்பிட்டேன்.
காஸ்டிக்கில் தொட்டி கழுவும் கை.
முழங்கைவரை சாம்பல் பூத்திருந்தது.
அதுவும் அதே வெளிச்சம்தான்,
காய்ந்த செதில் நுனிகளில் இடறிச் சிதறுவது.

ஒரு விரல் கிரீம்.
தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் காற்றோடு போனது,
வேலிகள் சரிந்தன,
எண்ணெய் விரிசல்களுக்குள் இறங்கி
தூக்கிக்கொண்டு நின்ற செதில்களைப் படுக்கவைத்தது.
வெளிச்சத்துக்கு இடற ஒன்றும் இல்லை.
வெள்ளை போனது, சாம்பலும் போனது.
கை தன் கறுப்புக்குத் திரும்பியது,
நேற்றையதைவிட ஆழமாக.

ரீகன் எதையோ குறித்துக்கொண்டான்,
என்னவென்று காட்டவில்லை.
நான் தாளில் எழுதினேன்: பி.எச். ஐந்து புள்ளி ஆறு,
பிரியவில்லை, கட்டியில்லை.

கையெழுத்துப் போடும் முன்
தாண்டெக்கா மற்றக் கையை நீட்டினாள்.
"இதற்கு?"