கதவில் விழுந்த எழுத்துகள்

செக்கானூரணி தாண்டி
தேனி ரோடு லேசாக ஒடிகிற இடத்தில் நிற்கிறது
என் மாட்டுக் கொட்டம்.
பஸ் வேகம் குறைக்கிற இடம் என்பதால்
சிமெண்ட் கம்பெனிக்காரருக்குச் சுவர் பிடித்துப்போயிற்று.

வருஷத்துக்கு ஆயிரத்தைந்நூறு, பெயிண்ட் அவர்களுடையது.
நாலு பக்கமும் அடிப்பீர்களா என்றேன்.
மற்ற மூணு பக்கமும் பஸ் போகலையேம்மா என்றார்,
பஸ்ஸைப் போகவிடாமல் நான்தான் தடுத்துவைத்திருப்பது போல.

ஏணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு
ஞானஒளிவுபுரத்திலிருந்து சகாயம் வந்தார்.
வரட்டி தட்டிய தடங்களைத் தகட்டால் சுரண்டினார்.
ஒவ்வொன்றிலும் என் ஐந்து விரல்.
இது யார் கை என்றுகூடக் கேட்கவில்லை.
சுண்ணாம்பு ஒரு பூச்சு,
காய்ந்ததும் மஞ்சள் இரண்டு பூச்சு.
நீலப்பொடி தடவிய நூலை
இந்தக் கோடியில் நான் பிடிக்க
அந்தக் கோடியில் அவர் பிடித்துச் சுண்டினார்.
எங்கள் கொட்டத்தில் அதுவரை
நேராக ஒரு கோடு இருந்ததில்லை.

எழுத வேண்டியது ஒரே சொல்:
நம்பிக்கை.
முழம் போட்டுப் பார்த்தார். சாண் போட்டுப் பார்த்தார்.
"அக்கா, மூணு எழுத்து சுவத்துல நிக்கிது,
ரெண்டு எழுத்து கதவுல விழுகுது."
சின்னதா எழுதேன்.
"மூணடி ஒசரம்னு கம்பெனி அளவு."
விழுந்தா விழட்டும்.
"அப்பக் கதவ மூடியே வைக்கணும்."
உள்ளே ஆறு உருப்படி நிக்கிதப்பா என்றேன்.
பிரஷைக் கடித்துக்கொண்டு
ந-வின் வயிற்றை நிரப்பத் தொடங்கிவிட்டார்.

கம்பெனிக்காரர் வந்தார்.
கதவைச் சாத்தச் சொல்லிப் படம் எடுத்தார்.
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

விடிகாலை நாலரைக்குத் தாழை நீக்குகிறேன்.
க்கை உள்ளே போய்விடுகிறது.
உள்சுவரில் சாய்ந்தபடி
செவலையின் மூக்குக்கு நேரே நின்று
நான் கறப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
வெளியே, ரோட்டுக்கு,
நம்பி.
அவ்வளவுதான்.
நம்பி என்ன ஆனது என்று
உசிலம்பட்டி போகும் முதல் பஸ்ஸில்
யாரும் கேட்பதில்லை.

பத்து நாளில் கண்டக்டர்
"நம்பி கொட்டம் எறங்கு" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்.
புண்ணாக்குக் கடையிலிருந்து வந்த பையன்
அண்ணன் இருக்காரா என்றான்.
எந்த அண்ணன்?
நம்பி அண்ணன்.
கருமாத்தூரிலிருந்து ஒரு காதுகுத்துப் பத்திரிகை,
திரு. நம்பி குடும்பத்தார் என்று மஞ்சள் தடவி.
மொய் எழுத வேண்டியிருக்கும்.

நாசிக்கில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு நின்ற காசிமாயனுக்கு
எந்தக் கிளீனர் சொன்னானோ.
"யாருடி அது நம்பி?"
ஆள் எப்படி என்றால்,
மூணடி ஒசரம், கறுப்பு, மழைக்கும் நகராது என்றேன்.
போனில் கொஞ்ச நேரம் லாரி மட்டும் உறுமியது.
"ராத்திரியில் வா. கதவு மூடியிருக்கும்,
டார்ச் அடித்து முழுசாப் படிச்சுக்க."

சகாயம் டப்பாவின் அடியில்
கால் லிட்டர் மஞ்சளை விட்டுப்போயிருந்தார்,
மறந்தாரோ, மறந்த மாதிரி வைத்தாரோ.
நாகமலையைப் பார்த்த பின்சுவருக்குக் கொண்டுபோனேன்.
பிரஷ் இல்லை. தென்னம்பாளையைத் தட்டி நாராக்கி அடித்தேன்.
தண்ணீர் ஊற்றி நீட்டினேன்.
ஜன்னலுக்குக் கீழே பாதியில் தீர்ந்துபோயிற்று,
ஓரம் கோணலாக,
ஒரு சொல்லும் இல்லாமல்.

காய்வதற்குள் செவலை வந்து
இடுப்பைத் தேய்த்துக்கொண்டது.
சொசைட்டியில் பால் ஊற்றப் போனபோது
மாட்டுக்கு என்னக்கா, காமாலையா என்றார்கள்.
வெள்ளை அடித்தோம் என்றேன்.