இருபதாவது நிமிடம்

ரொக்கியா வீட்டு டிவி
இருபது நிமிடம் ஒழுங்காக ஓடும்.
பிறகு படம் முழுவதும் மடங்கி
நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு.
தட்டினால் விரியும். சில நாள் தட்டாமலும்.

நான் போனால் மட்டும் வராது,
பாலிகிளினிக்கில் என் நம்பர் வந்ததும்
காணாமல் போகும் முழங்கால் வலியைப் போல.

இன்று விடவில்லை.
பின்மூடியைக் கழற்றி வைத்துக் காத்திருந்தேன்.
தோ பாயோ, பன்னிரண்டாம் மாடி, மத்தியான வெயில்.
மகன் வாங்கிவந்த தட்டைத் திரை
இன்னும் பிரிக்காமல் சோபாவுக்குப் பின்னால்.
கண் கூசுமாம். மலாயில் சொன்னாள், அவ்வளவுதான்.

கோடு விழுந்தது.
பிளாஸ்டிக் சாப்ஸ்டிக் நுனியால்
ஒவ்வொரு பாகமாகத் தொட்டேன்.
ஒன்றில் படம் துள்ளியது.
பிளக்கைப் பிடுங்கி டார்ச் அடித்தால்
ஒரு காலைச் சுற்றி
மயிரிழையில் ஒரு கருவளையம்.
ஈயம் வெடித்திருக்கிறது.
சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டும்.

பலகை மூலையில் பச்சை முத்திரை: 27.
எண்பத்து மூன்றில் நான் 26.
பக்கத்து ஸ்டூல் சூசையம்மாள்.
வேலை நேரத்தில் வாய் திறக்கமாட்டாள்.
நான்தான்,
அந்த ஜோகூர் மாப்பிள்ளைக்குச்
சரி சொல்லாதே, சொல்லாதே என்று
நாள் முழுக்க அவள் காதில்.

புது ஈயம் ஒரு சொட்டு.
படம் நிமிர்ந்தது.
ஆச்சா என்றாள் ரொக்கியா.
இருபது நிமிடம் போகட்டும் என்றேன்.
போனது.
இன்னோர் இருபது என்று
காப்பியை ஆறவிட்டு
உட்கார்ந்தே இருந்தேன்.