கீழ்க்குரல்

எனக்கு அவர் முதலில் ஒரு ஜோடி காலணி.
இசைக்குழிக்குள் உட்கார்ந்திருக்கும் வயோலாக்காரிக்கு
அவ்வளவுதான் தெரியும்:
மேடை விளிம்பு, கால்கள்,
உரத்த பாட்டென்றால் மேலிருந்து கொஞ்சம் எச்சில்.

இடது குதிகாலில் லாடம் தளர்ந்திருந்தது.
மான்செஸ்டரில் ஒரு மதியக் காட்சியில் கழன்று
என் ஸ்வரத்தாளில் வந்து விழுந்தது.
இடைவேளையில் கேட்டு வந்தார்.
'ராலண்ட் பிக்கர்ஸ்கில் கிரிம்ஸ்பி' என்றார்,
பெயரும் ஊரும் ஒரே சொல் என்பதுபோல.
லாடத்தைக் கொடுத்தேன்.
திருகாணி கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அப்பா மீன் ஏலத்தில் கூவுகிறவராம்.
தொண்டை அங்கிருந்து வந்தது.
குரோமர் கடற்பாலத்தில் ஒரு கோடை முழுக்க மூன்றாம் மாலுமி.
பிராட்ஃபோர்டில் ரொட்டிக்காரன், போலீஸ்காரன், பிணம்.
வேலையில்லாத டிசம்பர்களில் தபால் பிரித்தார்,
அடுத்தவர்களுடைய வாழ்த்து அட்டைகளை
நாலுக்கு மூன்று தாளத்தில் அறைகளுக்குள் வீசியபடி.
தங்கும் விடுதி அம்மாள் ஒருத்தி
ஞாயிற்றுக்கிழமை வெந்நீர் தரமாட்டாள்.
இன்னொருத்தி, குளிக்கும்போது பாடினால்
வாடகையில் இரண்டு பவுண்டு கழித்துக்கொள்வாள்.
அவளிடம் ஆறு வாரம் இருந்தார்.

பிறகு லண்டன். 'கலங்கரைக் கல்யாணம்.' ஒன்பது வருஷம்.
ஒப்பனையறை ஐந்தாம் மாடி, தொண்ணூற்று நான்கு படி.
பதினோரு வேடங்களுக்கு மாற்று ஆள் அவர்.
யாருக்கு முழங்கால் பிசகினாலும்
யார் மனைவிக்கு வலி கண்டாலும்
அட்டையைப் பார்த்துக்கொண்டே படியிறங்கி வருவார்.
ஒரே வாரத்தில்
மணப்பெண்ணின் அண்ணனாகவும் இருந்தார்,
அந்த அண்ணனைக் கொன்றவனாகவும் இருந்தார்.
மற்ற நாட்களில் பின்வரிசை, பின்பாட்டு.

நாயகனுக்கும் மாற்று அவர்தான்.
ஆனால் நாயகனுக்குக் குதிரை உடம்பு.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
குதிரைக்குத் தொண்டை கட்டியது.
நிகழ்ச்சிப் புத்தகத்துக்குள் துண்டுச்சீட்டு வைத்தார்கள்.
அதைப் படித்தவர்கள் விட்ட பெருமூச்சு
குழிவரைக்கும் இறங்கி வந்தது.

இரண்டு லாடமும் புதிது. கவனித்தேன்.
முதல் பாதியில் ஒரு பிசிறு இல்லை.
இறுதிப் பாட்டு:
நாயகன் மெட்டை எடுக்கவேண்டும்,
முப்பது பேர் அடியில் வந்து சேரவேண்டும்.

எடுத்தார்.
கீழ்க்குரலை.

வார்த்தை சரி, தாளம் சரி.
ஒன்பது வருஷமாக நடந்த வழியில்
நாக்கு தானாக வீட்டுக்குப் போய்விட்டது.
மெட்டு யாரிடமும் இல்லை.
இசை நடத்துநர் மர்கட்ராய்டின் கோல்
எதையோ தேடிக்கொண்டு காற்றில் நின்றது.
என் தாளிலும் அதே வரிதான்;
வயோலாவுக்கு வேறு எதை எழுதிக் கொடுத்தார்கள்?
எட்டு ஆவர்த்தனம், அவரும் நானும்.

அழகாக இருந்தது என்று சொன்னால் பொய்.
சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு
சபைக்கு வந்ததுபோல இருந்தது.
தையல் தெரிந்தது. எல்லாத் தையலும்.

ஒன்பதாவதில் மணப்பெண்ணாக நடித்த இமோஜன்
அவருடைய மெட்டைத் தூக்கிக்கொண்டாள்.
திரை. கைதட்டல், வழக்கமான அளவு.
மேடை மேலாளரின் அன்றைய குறிப்பில்
ஒரே ஒரு வரி: 'இறுதிப் பாட்டு, கவனிக்கவும்.'
புதன்கிழமை நாயகன் திரும்பிவிட்டான்,
தேனும் இஞ்சியும் மணக்க.

அதற்குப் பிறகு ஹல் நகரத்துக் கிறிஸ்துமஸ் கூத்தில்
நாலு வருஷம் பசுவின் பின்னங்கால்கள்.
பிறகு முழங்கால்.

இப்போது கிளீத்தார்ப்ஸில்
பிங்கோ எண்கள் கூவுகிறார்.
போன மாதம் கடைசி மேசையில் உட்கார்ந்து விளையாடினேன்.
எழுபத்திரண்டு என்றார். பதினாறு.
என்னைத் தெரிந்துகொண்டார் போல;
நாற்பத்தொன்று கொஞ்சம் தாழ்ந்து வந்தது.
பலகை மறைத்ததில் கால் தெரியவில்லை.
வேறு வழியில்லாமல்
முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
அரை மணி நேரம்,
ஒரு எண்ணும் அடிக்காமல்.