இரண்டு நாற்பது

புன்ட்டா அரேனாஸின் காற்று
ஜன்னலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
காலணிமேல் நீல உறை மாட்டி
சத்தமில்லாமல் உள்ளே வந்தாள் மரிபெல்.

குழாய்நீரில் வெப்பமானி.
தொட்டில் கம்பிகளுக்கிடையே அளவுகோல்.
மாவுப்பால் டப்பாவின் தேதி.
அவசரக் கதவை மறித்து ஒரு தள்ளுவண்டி;
நகர்த்தச் சொன்னாள்.

எட்டுத் தொட்டில், எட்டுத் தூக்கம்.
ஒன்பதாவது யாஸ்னாவின் தோளில்,
ஏப்பம் வராமல் முனகிக்கொண்டு.

சுவரில் தூக்கப் பதிவேடு:
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து பார்த்து
மூச்சு சீர் என்று எழுத வேண்டும்.
2.20 சீர்.
2.30 சீர்.
2.40 சீர்.
கடிகாரத்தில் மணி 2.32.

அவள் பார்த்ததை யாஸ்னாவும் பார்த்துவிட்டாள்.
"உதவிக்கு வருபவளுக்குக் காய்ச்சல்" என்றாள்,
யாரும் கேட்காமலே.

மரிபெல் பேனாவை மூடினாள்.
எட்டு நிமிடம் நின்றாள்.
பிறகு ஒவ்வொரு தொட்டிலாகக் குனிந்து
கன்னத்தைக் கொடுத்தாள்.
பால்வாசத்தோடு சின்ன வெதுவெதுப்பு,
ஒன்று, இன்னொன்று…
ஆறாவதிடம் மட்டும்
கொஞ்சம் அதிகமாகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

எழுதிவைத்தது அத்தனையும் மெய்யாகிவிட்டது.

படிவத்தைத் திறந்து
விதிமீறல் என்ற கட்டத்தில்
குறியிட்டாள்.

அப்போதுதான் வந்தது
யாஸ்னாவின் தோளில்
அந்த ஏப்பம்.